இசைத்தட்டின் மறுபக்கம்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஆடிக் கிருத்திகை நாள்களில் காவடிகளுக்கு முன்னே நாதசுரமும் தவிலும் பம்பையும் முழங்கிச் செல்லக் கேட்டிருக்கிறோம். அம்முழக்கத்தின் நடுவே, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட சிறியதோர் இசைத்தட்டு நம் நினைவில் எழுவதுண்டு. இரண்டிற்கும் என்ன உறவு என வாசகர் வினவலாம். அவ்வுறவை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1968 மார்ச் 15ஆம் நாள் இலண்டனில் வெளியான அத்தட்டின் முதற்பக்கப் பாடல் 'லேடி மடோனா'. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. மரியன்னையை எண்ணியே தொடங்கியதாகவும், பின்னர் உழைக்கும் ஏழைத் தாயர் அனைவரையும் குறிப்பதாக அது விரிந்ததாகவும் அதனை இயற்றிய பால் மெக்கார்ட்னி கூறியிருக்கிறார். அவருடைய தாயின் பெயரும் மேரி, செவிலியாக உழைத்தவர். மகனுக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, 1956இல் மறைந்தார். பிள்ளைகளுக்குச் சோறூட்டவும் வாடகை செலுத்தவும் நாள்தோறும் அல்லலுறும் ஒரு தாயின் கதையை அப்பாடல் துள்ளலான பியானோ இசையோடு சொல்கிறது.

தட்டைத் திருப்பினால் வேறோர் உலகம். 'தி இன்னர் லைட்', அதாவது 'அக ஒளி', என்பது அப்பாடலின் பெயர். ஜார்ஜ் ஹாரிசன் இயற்றியது. அவர் இயற்றிய பாடலொன்று அக்குழுவின் தனித்தட்டில் இடம்பெற்றது அதுவே முதன்முறை. சீன ஞானி லாவோ ட்சுவின் நூலிலிருந்து அதன் கருத்து எடுக்கப்பட்டது: வாயிலைத் தாண்டாமலே மனிதன் உலகை அறியக்கூடும் என்பது அதன் சாரம். அதன் இசையோ 1968 சனவரியில் பம்பாயில் பதிவு செய்யப்பட்டது. நம் நாட்டுக் கலைஞர்கள் சரோடும் செனாயும் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் வாசித்தனர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஹரிபிரசாத் சௌராசியா அவர்களுள் ஒருவர். ஆயினும் வாசித்தோர் எவருடைய பெயரும் அத்தட்டில் அச்சிடப்படவில்லை. முதற்பக்கத்தைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். மறுபக்கத்தைத் திருப்பிக் கேட்டவர் சிலரே.

இக்கொடுக்கல் வாங்கல் புதிதன்று. 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடியது திருத்தணி மலையில் என்பது மரபு. அவரே சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல்கள் யாத்தார். அவற்றுள் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டிலேயே அமைந்தது. 'நோட்டுஸ்வரம்' என இன்றும் அவை சிறுவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. பிறர் இசையை ஏற்றதால் தீட்சிதர் தம் இசையை இழந்துவிடவில்லை. தம்மதன் மதிப்பை அறிந்தவரே அயலாரிடம் அச்சமின்றிப் பெறுகிறார்.

அக்காலத்தில் நம் திருச்சபையில் நிகழ்ந்தது என்ன? 1963 திசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடமளிக்கப் பணித்தது. இந்திய ஆயர்கள் வேண்டியவாறு, ஆரத்தி முதலிய பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களுக்கு 1969 ஏப்ரலில் உரோமை இசைவளித்தது. இங்கிலாந்து இளைஞர் பம்பாய்க்கு வந்து தேடியதை, நம் வீட்டுக்குள்ளேயே தேடும்படி திருச்சபையும் நம்மை அழைத்தது.

அழைப்பை நாம் முழுமையாகக் கேட்டோமா? நம் ஆலயங்கள் பலவற்றில் இன்றும் தேர்ப்பவனியில் தவில் முழங்குகிறது. ஆலய வாயிலை நெருங்கியதும் ஓய்ந்துவிடுகிறது. உள்ளே மின்விசைப்பலகை தொடங்குகிறது. அதில் குற்றமில்லை, தீட்சிதரும் அயல் மெட்டை ஏற்றார். ஆனால் தவிற்கலைஞர் வாசலிலேயே நின்றுவிடுகிறாரே, அதனை எண்ணும்போது நெஞ்சு உறுத்துகிறது. வாசிக்க அவரை அழைத்தோம், வழிபட அழைத்தோமா? அவர் பெயரையேனும் கேட்டோமா?

பேர் அச்சிடப்படாத கைகளால்தான் உலகம் நடக்கிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, வயலுக்கும் வேலைக்கும் செல்லும் நம் தாய்மார் அத்தகையோர். நாசரேத்தூர் மரியாவும் அத்தகையவரே. நீர் இறைத்தார், மாவரைத்தார், மகனை வளர்த்தார். நிகழ்ந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என லூக்கா குறிக்கிறார். வெளியே ஓயாத உழைப்பு. உள்ளே அணையாத ஒளி. அவ்விளைஞர்கள் அறிந்து செய்தனரோ அறியாது செய்தனரோ, ஒரே தட்டின் இரு பக்கங்களில் அவ்விரண்டும் பதிந்துள்ளன.

ஆதலின் அன்பர்களே, வரும் திருவிழாவில் ஒன்று செய்வோம். வாசலில் நிற்பவரைப் பெயர் சொல்லி உள்ளே அழைப்போம். மறுபக்கத்தையும் கேட்கும் செவியே இறைவனுக்கு உகந்த செவி.