சில்லாதார் குதிரைவீரர்: பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில்

பிரித்தானிய இந்தியப் படையின் குதிரைப் பிரிவுகளில், தமக்குரிய குதிரையையும் கருவிகளையும் தாமே கொண்டுவந்தோ அவற்றுக்கீடாக ஒரு முன்பணம் கட்டியோ சேர்ந்து, அவற்றைப் பேணும் செலவும் அடங்கிய ஊதியம் பெற்ற வீரர்கள் சில்லாதார்கள் எனப்பட்டனர். ஆயுதம் உடையவர் என்பது இப்பாரசீகச் சொல்லின் பொருள். சாதாரண வீரர் ‘சவார்’ எனப்பட்டார். தமிழில் வழங்கும் ‘சவாரி’ என்னும் சொல்லும் இதே மூலத்தைச் சேர்ந்ததே.

பணி ஓய்வுக்குப் பின் இவர்களுள் பலர், 1880களின் நடுப்பகுதியிலிருந்து மேற்குப் பஞ்சாபின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் அரசு கால்வாய் வெட்டி அமைத்த குடியேற்றங்களில் நிலம் பெற்று, கோதுமையும் பருத்தியும் கரும்பும் பயிரிடும் உழவர்களாயினர். ஆயினும் படை அவர்களை முழுமையாக விட்டுவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர்கோதாவை மையமாகக் கொண்டு உருவான கீழ் ஜீலம் குடியேற்றத்தில், படைக்கு வேண்டிய குதிரைகளைப் பெருக்கும் பொருட்டு, நிலம் பெற்றவர் இனவிருத்திக்கான பெண் குதிரை ஒன்றை வளர்த்தாக வேண்டுமென்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. இவ்வகை உரிமையாளர் ‘கோடிபால்’, அதாவது பெண் குதிரை வளர்ப்பவர், எனப்பட்டார். நிலம் துண்டுபடாதிருக்க மூத்த மகனுக்கே அது சேருமென வகுத்த விதி, மைந்தர் அனைவருக்கும் பங்கு தரும் பஞ்சாப் வழக்கத்துக்கு மாறானதாகையால், குடும்பங்களுக்குள் கசப்பை வளர்த்தது.

குடியேற்ற நிலங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டை இறுக்க முயன்ற மசோதாவுக்கு எதிராக 1907இல் கிளர்ச்சி மூண்டபோது, வீரர்களின் விசுவாசம் குலையுமென்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, அரசப் பிரதிநிதி மின்டோ அதற்கு ஒப்புதல் அளிக்க மறுத்தார். முதல் உலகப் போரில் பேரளவில் குதிரைகளையும் வீரர்களையும் ஈடுசெய்ய இயலாது திணறிய சில்லாதார் முறை, போருக்குப் பிந்தைய படைச் சீரமைப்பில் கைவிடப்பட்டது.