வளைகுடாக் கட்டுமானத் துறையில் புதிய தொழில்நுட்பம்: யாருடைய வேலை மாறுகிறது?

ஓமன் தலைநகர் மஸ்கட்டின் வர்த்தக மையமான ரூவி, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு விமான ஓடுபாதையும் பைத் அல் ஃபலஜ் கோட்டையும் இருந்த வறண்ட பள்ளத்தாக்கு. 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தார். 1973இல் விமான நிலையம் சீப் பகுதிக்கு மாறியது. அதன் பின்னர் வங்கிகளும் அலுவலகங்களும் கடைத்தெருக்களும் நிறைந்த நகரப் பகுதியாக ரூவி வளர்ந்தது. அதை வரைந்தவர்களிலும் கட்டியவர்களிலும் இந்தியத் துணைக்கண்டத்தினரின் பங்கு மிகப் பெரிது. தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் பயின்று வந்தவர்களும் அவர்களில் அடங்குவர்.

கட்டுமானத் துறையில் நுழையும் புதிய தொழில்நுட்பங்கள் குறித்துப் பேசப்படும்போது, இயந்திரம் கொத்தனாரின் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சமே பெரிதும் எழுப்பப்படுகிறது. ஆனால் வளைகுடா நாடுகளின் அனுபவம் வேறொன்றைக் காட்டுகிறது. முதலில் மாறியது கொத்தனாருக்கும் பொறியாளருக்கும் இடையில் இருந்தவர்களின் வேலை. வரைபடம் தயாரிக்கும் டிராஃப்ட்ஸ்மேன், பொருட்களின் அளவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர் ஆகியோரின் பணி உருமாறியதோடு, அது நடைபெறும் இடமும் மாறிவருகிறது.

வரைபடத்திலிருந்து மாதிரிக்கு

ஆட்டோகேட் மென்பொருள் 1982இல் வெளியானது. அது பேனாவுக்கும் டிரேசிங் தாளுக்கும் பதிலாக வந்ததே தவிர, வேலைமுறையை அடியோடு மாற்றவில்லை. ஒரு தூணை நகர்த்த நேர்ந்தால், தளப்படம், வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம் ஆகிய ஒவ்வொன்றையும் டிராஃப்ட்ஸ்மேன் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்தால், அந்தப் பிழை கட்டுமானத் தளத்தில்தான் வெளிப்படும்.

பி.ஐ.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரி முறை இதை மாற்றியது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கிய ரெவிட் போன்ற மென்பொருள்களில் கோடுகள் வரையப்படுவதில்லை. சுவர், தூண், கதவு ஆகியவை அவற்றின் அளவு, பொருள் குறித்த விவரங்களுடன் முப்பரிமாண மாதிரியில் வைக்கப்படுகின்றன. மாதிரியில் ஒரு சுவர் நகர்ந்தால் அதைச் சார்ந்த எல்லா வரைபடங்களும் தாமாகவே திருந்துகின்றன. பொருட்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. குளிர்சாதனக் குழாய் ஒன்று உத்திரத்தின் குறுக்கே செல்கிறதா என்பது, கான்கிரீட் இறுகிய பிறகு அல்ல, கணினித் திரையிலேயே தெரிந்துவிடுகிறது.

வளைகுடாவில் இந்த முறைக்குச் சட்ட வலிமை அளித்ததில் துபாய் மாநகராட்சி முன்னோடி. 40 மாடிக்கு மேற்பட்ட அல்லது மூன்று லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கும் இந்த மாதிரியைக் கட்டாயமாக்கும் சுற்றறிக்கையை அது 2013இல் வெளியிட்டது. 2015இல் அந்த வரம்பு 20 மாடி, இரண்டு லட்சம் சதுர அடி என்று குறைக்கப்பட்டது. பிரிட்டன் அரசு தனது பொதுத் திட்டங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியது 2016இல்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

வேலை இடம்பெயர்கிறது

தாளில் வரையப்பட்ட காலத்தில், டிராஃப்ட்ஸ்மேன் தளத்துக்கு அருகில் இருந்தாக வேண்டும். ஃபோர்மேன் கேட்கும் திருத்தத்தை அன்றைக்கே வரைந்து கொடுப்பவராக அவர் இருந்தார். இந்தத் தேவையே பல குடும்பங்களுக்கு வளைகுடா விசாவைப் பெற்றுத் தந்தது.

இணையவழியில் பகிரப்படும் மாதிரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மஸ்கட்டிலோ தோஹாவிலோ எழும் கட்டடத்தின் மாதிரியைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ அமர்ந்து உருவாக்க முடியும். எஃகுக் கட்டமைப்புகளின் நுண்விவரங்களை வரையும் பணி நீண்டகாலமாகவே இத்தகைய இந்திய அலுவலகங்களில் நடைபெற்று வருகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது புதிய வாய்ப்பு. அதேவேளை, அந்த வேலைக்குக் கிடைப்பது இந்தியச் சம்பளமே தவிர வளைகுடாச் சம்பளம் அல்ல. வேலை தாயகம் திரும்புகிறது. அதனுடன் வந்துகொண்டிருந்த ரியாலும் திர்ஹாமும் திரும்புவதில்லை.

அச்சிடப்படும் சுவர்கள்

கட்டுமானத் தளத்தில் அதிகக் கவனத்தை ஈர்த்திருப்பது முப்பரிமாண அச்சு. 2030ஆம் ஆண்டுக்குள் துபாயின் கட்டடங்களில் 25 சதவீதம் இந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கட்டப்பட வேண்டும் என்ற இலக்கு 2016இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட சிறிய அலுவலகம் ஒன்றின் பகுதிகளை 17 நாட்களில் அச்சிட்டதாக அந்நகர நிர்வாகம் தெரிவித்தது. ஓமனிலும், ஹல்பானில் உள்ள ஜெர்மன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுமார் 190 சதுர மீட்டர் பரப்பளவுள்ள வீடு 2021இன் இறுதியில் அச்சிடப்பட்டது. விலையுயர்ந்த ஆயத்தக் கலவைக்குப் பதிலாக உள்ளூரில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு கான்கிரீட் தயாரித்ததே அதன் சிறப்பு.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் அச்சிட்ட 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரலில் அந்த வளாகத்தில் திறக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் பெங்களூருவில் திறக்கப்பட்ட அஞ்சலகத்தை எல் அண்ட் டி நிறுவனம் சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப உதவியுடன் சுமார் ஒன்றரை மாதத்தில் கட்டி முடித்தது.

எனினும் இவ்வியந்திரங்கள் பெரும்பாலும் அச்சிடுவது சுவர்களை மட்டுமே. அஸ்திவாரம், தளம், கம்பி கட்டுதல், மின்சாரம், குழாய் வேலை ஆகியவை இன்னமும் மனிதக் கைகளையே நம்பியிருக்கின்றன. முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள் சுவர் எழுப்பும் கொத்தனார்களும் சென்ட்ரிங் அடிக்கும் தச்சர்களும்தான்.

தொழிற்சாலைக் கூரையின் கீழ்

ஓசையின்றி நடைபெறும் மற்றொரு மாற்றம், கட்டுமானம் உற்பத்தித் தொழிலாகி வருவது. எண்ணெய், எரிவாயு ஆலைகளின் பெரும் பகுதிகள் வேறிடத்தில் உள்ள பட்டறைகளில் முழுமையாகச் செய்யப்பட்டு, கப்பலில் கொண்டுவரப்பட்டுப் பொருத்தப்படுகின்றன. எல் அண்ட் டி நிறுவனம் ஓமனின் சோஹாரிலும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியிலும் இத்தகைய பட்டறைகளை அமைத்துள்ளது. இங்கே மில்லிமீட்டர் பிழைக்கும் இடமில்லை. தளத்தில் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற பழைய வழக்கம் செல்லாது. லேசர் கருவியால் அளந்து மாதிரியுடன் ஒப்பிட்ட பின்னரே பகுதிகள் அனுப்பப்படுகின்றன.

தொழிலாளரின் உடல்நலத்துக்கும் இதில் நன்மை உண்டு. ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் பன்னிரண்டரை மணி முதல் மூன்றரை மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. அந்த மூன்று மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் வெயில் கடுமையாகவே இருக்கும். கூரையின் கீழ் செய்யப்படும் ஒவ்வொரு வேலையும் அந்த வெயிலிலிருந்து ஒருவரை விலக்கி வைக்கிறது.

விசாவும் தொழில்நுட்பமும்

இம்மாற்றங்களுடன் அரசியல் காரணம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1988 முதல் ஓமன்மயமாக்கல் கொள்கையைப் பின்பற்றி வரும் ஓமன் அரசு, 2018 ஜனவரியில் 87 வகைப் பணிகளுக்கு வெளிநாட்டவருக்குப் புதிய விசா வழங்குவதை ஆறு மாதங்களுக்கு நிறுத்தியது. அந்தத் தடை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. பொறியியல், தொழில்நுட்பப் பணிகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தன. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலைகள்தான் படித்த உள்நாட்டு இளைஞர்கள் விரும்பும் வேலைகள் என்பதால், தொழில்நுட்பம் உயர உயரத் தேசியமயமாக்கலும் அந்த இடங்களையே குறிவைக்கிறது.

மறுபுறம், முந்தைய முதலாளியின் தடையில்லாச் சான்றிதழ் இல்லாமலே, ஒப்பந்தம் முடிந்த ஊழியர் வேறு நிறுவனத்தில் சேரலாம் என்ற விதி ஓமனில் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதனால் புதிய திறன் பெற்ற ஊழியருக்குப் பேரம் பேசும் வலிமை கூடியிருக்கிறது. பழைய திறனோடு நின்றுவிட்டவருக்கு இச்சலுகையால் பெரிய பயன் இல்லை.

அந்தத் திறனைப் பெறுவதும் எளிதல்ல. ஆட்டோடெஸ்க் 2016இல் தனது மென்பொருள்களை நிரந்தர உரிமத்துடன் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. பெரிய நிறுவனங்கள் அந்தச் செலவைத் தாங்கும். நாற்பது வயதைக் கடந்து சிறிய அலுவலகத்தில் பணிபுரியும் டிராஃப்ட்ஸ்மேன், வேலை நேரத்துக்குப் பின் தன் சொந்தச் செலவில்தான் கற்க வேண்டியிருக்கிறது.

பொறுப்பு யாருடையது?

வரைபடத்தைப் படித்து அளவுகளை எடுக்கும், மாற்று வடிவமைப்புகளைப் பரிந்துரைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அடுத்த கட்டமாக வந்துகொண்டிருக்கின்றன. எண்ணிக்கையும் திருப்பி வரைதலும் இவற்றால் எளிதாகச் செய்யப்படும். ஆனால் உத்திரம் தாங்குமா என்பதற்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பது மென்பொருள் அல்ல. வரைபடத்தில் இருப்பது தளத்தில் நடக்கக்கூடியதா என்பதை அறிந்த அனுபவத்துக்கும் மதிப்பு குறையவில்லை.

ஆகவே கேள்வி இயந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையிலானது மட்டுமல்ல. சீப் பகுதியில் ஒரு லட்சம் பேருக்கான சுல்தான் ஹைத்தம் நகரம் 2023இல் அறிவிக்கப்பட்டதைப் பார்க்கும்போது, வளைகுடாவில் கட்டுமானம் குறையப் போவதாகத் தெரியவில்லை. குறைந்து வருவது, பாலிடெக்னிக் சான்றிதழுடன் விமானம் ஏறி, வரைபலகையின் முன் அமர்ந்து ஒரு குடும்பத்தைக் கரையேற்றிய அந்த இடைநிலைப் படிக்கட்டுதான். தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் பாடத்திட்டங்களும், வெளிநாட்டு வேலைக்கு ஆட்களைத் தயார்செய்யும் அமைப்புகளும் இதை எவ்வளவு விரைவில் கணக்கில் கொள்கின்றன என்பதைப் பொறுத்தே அடுத்த தலைமுறையின் வாய்ப்பு அமையும்.