தெரியாத பங்கைத் தேடிய கணிதம்

 

அட்சரகணிதம் என்றதும் எம் பிள்ளைகள் பலர் அஞ்சுகின்றனர். மார்க்கத்துக்கும் அதற்கும் யாது தொடர்பு என வினவும் பெற்றோரும் உளர். வரலாறு தக்க விடை தருகின்றது.

கலீபா மஃமூன் (கி.பி. 813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி, ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ பற்றிய நூலை இயற்றினார். வாரிசுப் பங்கு, மரணசாசனம், வழக்கு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு உதவுவதே தம் நோக்கமென முன்னுரையில் உரைத்தார். ‘ஜப்ர்’ என்பது முறிந்ததைப் பொருத்துதல். அதாவது, கழிக்கப்பட்ட உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குதல். ‘முகாபலா’ என்பது எதிரெதிரே வைத்து, இரு பக்கமும் சமமானதை நீக்குதல். தெரியாக் கணியத்தை அவர் ‘ஷைஃ’, அதாவது ‘பொருள்’ என்றார். குறியீடுகளின்றிச் சொற்களாலேயே எழுதினார். 1145இல் அந்நூல் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது; ‘ஜப்ர்’ ஐரோப்பாவில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று.

அக்கலை எம் தீவுகளுக்கு அண்மையிலும் தமிழுருப் பெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரியில் (1823–1855) பயின்று, அங்கேயே ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் ‘வீசகணிதம்’ என்ற நூலை வெளியிட்டார்.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவர் மனைவி, இரு புதல்வர், மூன்று புதல்வியரை விட்டு மரணிக்கின்றார். கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்து 8 இலட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டிலொன்று, 1 இலட்சம். ஒரு புதல்வியின் பங்கை ‘ப’ என்க, புதல்வனுக்கு 2ப. புதல்வியருக்கு 3ப, புதல்வருக்கு 4ப, ஆக 7ப. சமன்பாடு: 7ப + 1 = 8. இதில் 7 குணகம். ‘ப’ தெரியாக் கணியம். இரு பக்கமும் 1ஐ நீக்குவதே முகாபலா. 7ப = 7; எனவே ப = 1. ஒவ்வொரு புதல்விக்கும் 1 இலட்சம், ஒவ்வொரு புதல்வனுக்கும் 2 இலட்சம்.

சகோதரர்களே! 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது விட்டுவந்த காணிகளுக்கு இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாரிசுகளாயுள்ளனர். கணக்கறியாத குடும்பத்தில் முதலில் இழக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணின் பங்கே. ஸூரா அந்நிஸாவில் அல்லாஹ் விதித்த அப்பங்கு எவரும் இரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பன்று. அதனைச் சரியாகக் கணித்துக் கொடுப்பது அமானிதம். பிள்ளைகளுக்கு, விசேடமாகப் பெண்பிள்ளைகளுக்கு, இக்கணிதத்தை ஆர்வத்துடன் கற்பியுங்கள்.

நீதியாகப் பங்கிடுவோராக அல்லாஹ் எம்மை ஆக்குவானாக! ஆமீன்.