கூப்பர்ஸ்: விற்க மறுத்த குடும்பம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் கூப்பர்ஸ் என்றொரு பீர் கம்பெனி இருக்கிறது. 1862-இல் ஆரம்பித்தது. இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பீர் பிடிக்காதவர்களும் இதன் கதையைப் படிக்கலாம், ஏனென்றால் இதில் பீரை விடப் பங்குகள்தான் முக்கியம்!

தாமஸ் கூப்பர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி. 1852-இல் கப்பலேறி வந்து கொத்து வேலை, பால் வியாபாரம் என்று பலதும் பார்த்தார். மனைவி ஆன் நோய்வாய்ப்பட்டபோது அவருக்கு டானிக் போலக் கொடுக்கத்தான் முதன்முதலில் பீர் காய்ச்சினார் என்பது குடும்பக் கதை. வேடிக்கை என்னவென்றால், மனிதர் தீவிர வெஸ்லியன் கிறிஸ்தவர். மதுக்கடைகளே அவருக்குப் பிடிக்காது. அதனால் பீரை நேராக வீடுகளுக்கே கொண்டுபோய் விற்றார்.

இவர்களுடைய ஏல் வகை பீர் கலங்கலாக இருக்கும். பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே கொஞ்சம் ஈஸ்ட் உயிரோடு இருந்து மறுபடி நொதிப்பதுதான் காரணம். அடியில் தங்கும் வண்டல் கலக்க, குடிப்பதற்கு முன் பாட்டிலை மெதுவாக உருட்டுவது அங்கே பழக்கம். பச்சை லேபிள் என்றால் பேல் ஏல், சிவப்பு என்றால் ஸ்பார்க்ளிங் ஏல், மஞ்சள் என்றால் ஸ்டவுட். மற்ற கம்பெனிகள் எல்லாம் தெளிந்த லாகருக்கு மாறிய காலத்திலும் இவர்கள் ஏலை விடவில்லை. லாகர் காய்ச்ச ஆரம்பித்ததே 1968-இல்தான். வீட்டிலேயே பீர் தயாரிக்க உதவும் மால்ட் சாறு டப்பாக்களும் இவர்களுடைய பெரிய வியாபாரம், பல நாடுகளுக்கு ஏற்றுமதி ஆகிறது.

இனி பங்குக் கதைக்கு வருவோம். 1962-இல் சவுத் ஆஸ்திரேலியன் ப்ரூயிங் என்ற பெரிய கம்பெனி கூப்பர்ஸில் பங்கு வாங்கியது. 1993-இல் அந்தக் கம்பெனியின் பீர் தொழில் லயன் நேதன் கைக்குப் போனது. 1995-இல் கூப்பர்ஸ் அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டது. யாராவது பங்கை விற்றால் முதல் உரிமை குடும்பப் பங்குதாரர்களுக்கு, அடுத்தது ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு, மூன்றாவது லயனுக்கு. மூன்றாவது இடம்தானே என்று யாரும் அன்று பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பத்து வருடம் கழித்து அந்த ஒரு வரி கழுத்தைப் பிடித்தது. 2005 செப்டம்பரில் லயன் ஒரு பங்குக்கு 260 ஆஸ்திரேலிய டாலர் தருவதாக அறிவித்தது. பிறகு 310 ஆக்கியது. மொத்தம் சுமார் 42 கோடி டாலர். கூப்பர்ஸ் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. அதன் பங்கை வைத்திருப்பவருக்கு அது காகிதத்தில் சொத்து, நினைத்த நேரத்தில் காசாக்க முடியாது. நான்கைந்து தலைமுறை தாண்டிய குடும்பத்தில் பீர் ஆலைப் பக்கமே போகாத உறவினர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்கு 310 டாலர் சின்னத் தொகையா என்ன? விற்க நினைத்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

நிர்வாக இயக்குநர் டிம் கூப்பர் படித்தது மருத்துவம்! அவரும் தலைவர் க்ளென் கூப்பரும் எதிர்த்து நின்றார்கள். வழக்குகள் நடந்தன. கடைசியில் டிசம்பர் 14 அன்று சிறப்புப் பொதுக்கூட்டம் கூடி, லயனின் அந்த மூன்றாவது உரிமையை விதிகளிலிருந்தே நீக்க ஓட்டெடுத்தது. ஆதரவு 93.4 சதவீதம். லயன் பின்வாங்கியது.

பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். 2009-இல் லயனையே ஜப்பானின் கிரின் முழுவதுமாக வாங்கியது. 2011-இல் ஃபாஸ்டர்ஸ் கம்பெனியை சாப்மில்லர் வாங்கியது. இரண்டு பெரிய தலைகளும் வெளிநாட்டுக் கைக்குப் போக, சந்தையில் சிறிய பங்கே வைத்திருந்த கூப்பர்ஸ் ஆஸ்திரேலியர்களுக்குச் சொந்தமான மிகப் பெரிய பீர் கம்பெனி ஆகிவிட்டது. 2024-இல் டிம் கூப்பர் பதவி விலகியபோது, முதன்முறையாகக் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஒருவர் நிர்வாக இயக்குநராக வந்தார். நாற்காலியைத்தான் கொடுத்தார்கள், பங்கை அல்ல.