வாடகைச் சட்டங்கள் கேட்காத கேள்வி

"சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?" ராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் தலித் குடும்பத்துக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். அட்வான்ஸ் பேச்சு அப்புறம்.

1936இல் ராஜபாளையம் மில் தொடங்கிய பிறகு இது பஞ்சாலை ஊரானது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தந்தவர்களில் தனியார் உரிமையாளர்கள் முக்கியமானவர்கள். யாருக்குத் தருவது என்பதும் அவர்கள் முடிவுதான்.

அரசு கை வைத்தது வாடகைத் தொகையில். உலகப்போர்க் காலத்தில், 1941இல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1960 சட்டம் குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுத்தது. அதன் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. எல்லாம் பெரிதும் உள்ளே வந்துவிட்டவருக்கான பாதுகாப்பு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எந்த ஒப்பந்தத்தைக் காட்டுவார்?

1955 தீண்டாமைக் குற்றச் சட்டம் (1976 முதல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம்) இருக்கிறது. எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது குற்றம் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. ஆனால் உரிமையாளர் சாதியை வாய்விட்டுச் சொன்னால்தானே வழக்கு? "சைவக்காரங்களுக்குத்தான்" என்பார், "மகன் வர்றான்" என்பார்.

1917இல் பரோடாவில் அம்பேத்கர் பெயரை மாற்றிச் சொல்லித்தான் பார்சி விடுதியில் தங்க முடிந்தது. தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இங்கே தடி வேண்டியதில்லை. மகன் வருவதாகச் சொன்ன வீட்டில் அடுத்த மாதமும் டு-லெட் போர்டு தொங்குகிறது.