குதிரையின் வாய்க்குள்ளே

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் பல வருஷமா போறேனுங்க. மாடு பாக்கத்தான் போறது. ஒரு வருஷம் கூட வந்த மாப்பிள்ளைக்குக் குதிரை மேல ஆசை வந்துட்டது. ஒரு பெட்டைக் குதிரையோட வாயைத் திறந்து காட்டச் சொன்னார். பல்லைப் பாத்துத்தானே வயசு சொல்றது. எல்லாரும் பல்லைப் பாத்தாங்க. எனக்குக் கண்ணு நாக்குக்குப் போச்சு. குறுக்கால, கயித்தால அறுத்த மாதிரி ஆழமா ஒரு தழும்பு. கேட்டா, "அது எப்பவோ ஆனதுங்க, தீனி நல்லாத் திங்கும்"னார் விக்க வந்தவர்.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு புண்ணானா வெளியில தெரியும். ஈ மொய்க்கும், வேப்பெண்ணெய் தடவுவோம். குதிரைக்குப் புண்ணு வாய்க்குள்ள. திறந்து பாத்தாத்தான் உண்டு.

குதிரையோட முன்பல்லுக்கும் கடவாய்ப் பல்லுக்கும் நடுவுல பல் இல்லாத இடைவெளி ஒண்ணு இருக்கு. கடிவாளத்து இரும்பு அங்கதான் உக்காரும். அதுக்குக் கீழ நாக்கு. நாக்குக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசுத் தோல் மூடின தாடை எலும்பு. வாரை வெடுக்குன்னு இழுத்தா இரும்பு நாக்கை அமுக்கும், எலும்பு மேல இருக்கற தோலை நசுக்கும், வாயோரத்தைக் கிழிக்கும். வலிக்குப் பயந்து குதிரை நிக்கும்.

இந்த இடைவெளியை மனுசன் எப்பக் கண்டுபிடிச்சான்னு ஆராய்ச்சிக்காரங்க குதிரைப் பல்லுலதான் தேடறாங்க. கயிறும் தோலும் மக்கிப் போயிடும், பல்லு நிக்குமில்ல. கஜகஸ்தான்ல போத்தாய்ங்கற இடத்துல கிடைச்ச, சுமார் 5,500 வருஷத்துக்கு முந்தின குதிரைப் பல்லுல, கடவாயோட முதல் பல்லு சாய்வாத் தேஞ்சிருக்கு. கடிவாளம் உரசின தேய்மானம்னு ஒரு கூட்டம் சொல்லுது. இயற்கையாவே தேயும்னு இன்னொரு கூட்டம். சண்டை இன்னும் தீரல. நம்ம நாட்டுல நாக்பூர் பக்கம் மாஹுர்ஜாரியில, பெருங்கற்காலத்துச் சவக்குழிகள்லயே கடிவாளம் கிடைச்சிருக்கு.

2,300 வருஷத்துக்கு முன்னாடி, கிரேக்கத்துல ஸெனோஃபோன்னு ஒரு படைத்தலைவர் குதிரையேற்றத்தைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். குறைஞ்சது ரெண்டு கடிவாளம் வெச்சுக்கச் சொல்றார். ஒண்ணு வழவழப்பு, இன்னொண்ணு கூரான பல்லு வெச்சது. முரட்டை அனுபவிச்ச குதிரைக்கு வழவழப்பு சுகமாத் தெரியுமாம்! கைப்பக்குவம் தெரிஞ்ச மனுசன்தான். ஆனா இந்த யோசனையில குதிரை வாய் என்ன பாடுபட்டிருக்கும்னு நெனைச்சா எனக்கு வாய் கூசுது.

அப்புறம் 1870கள்ல இங்கிலாந்து. பணக்காரங்க வண்டிக் குதிரை தலையைத் தூக்கிக்கிட்டு நின்னாத்தான் கௌரவம். அதுக்காகவே ஒரு தனி வாரைக் கட்டித் தலையை மேல இழுத்து வெச்சாங்க. எட்வர்ட் ஃப்ளவர்ங்கறவர் இதை எதிர்த்து 1875ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சரியா நடக்க முடியாத அன்னா சீவெல்ங்கற அம்மா, குதிரையே தன் கதையைச் சொல்ற மாதிரி 'பிளாக் பியூட்டி' நாவலை 1877ல வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே இறந்துட்டாங்க. அந்த வாரு மேல ஜனங்களுக்கு வெறுப்பு வந்ததுக்கு அந்தக் கதை பெரிய காரணம்.

நம்ம சர்க்காரும் 1965லயே விதி போட்டுட்டது. முள்ளு வெச்ச கடிவாளம் கூடாது. இருந்தும் வடக்கே கல்யாணக் குதிரைக்கு முள்ளுக் கடிவாளம் மாட்டறது நிக்கல.

முள்ளு இல்லாட்டியும் தப்பிக்கறதில்லைங்க. பின்லாந்துல பந்தயம் முடிஞ்ச 261 வண்டிக் குதிரைகளோட வாயைத் திறந்து பாத்தாங்க. 2019ல வந்த ஆராய்ச்சி அது. 100க்கு 84 குதிரைக்குக் கடிவாளம் படற இடத்துல புதுக் காயம். வெளியில ரத்தம் தெரிஞ்சது சில குதிரைக்குத்தான்.

மாப்பிள்ளை அந்தக் குதிரையை வாங்கல. நாக்குக்காக இல்ல, வெலை கட்டுபடியாகல. வித்தவர் திரும்பக் கடிவாளத்தை எடுத்தார். அது தானாவே வாயைத் திறந்துச்சு.