கோபுரம் வளர்ந்தது, உத்திரம் வளரவில்லை

புதுதில்லியின் மந்திர் மார்க், காலனிய ஆட்சியில் ரீடிங் சாலை என்று வழங்கியது. அச்சாலையில் பிர்லா குடும்பத்தார் எழுப்பிய லட்சுமிநாராயணர் கோயிலின் கட்டுமானம் 1933இல் தொடங்கி 1939இல் நிறைவுற்றது. அனைத்துச் சாதியினரையும் உள்ளே அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் காந்தி அதைத் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ஸ்ரீஸ் சந்திர சட்டர்ஜி. இந்தியக் கட்டடக் கலை மரபை மீட்டெடுக்க வேண்டும் என்று வாதிட்ட அவர், இக்கோயிலில் நாகர பாணிச் சிகரங்களை எழுப்பினார். ஆனால் நவீனக் கட்டுமானப் பொருள்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார்.

வடிவம் பழையது, பொருள் புதியது. இந்த இணைப்பைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக இரண்டில் ஒரு பக்கம் சாய்கின்றனர். சிற்ப நூல்களில் பொறியியல் முழுவதும் அடங்கியிருந்தது என்பர் ஒரு சாரார். அவை வெறும் சடங்கு விதிகளே என்பர் மறு சாரார். திண்மப் பொருள்களின் இயற்பியல் இவ்விரு கூற்றுகளையும் மறுக்கிறது.

மயமதம், மானசாரம் போன்ற நூல்கள் அளவுகளைப் பெரிதும் விகிதங்களாகவே தருகின்றன. அகலம் இவ்வளவு என்றால் உயரம் இவ்வளவு. தூணின் உயரம் இது என்றால் பருமன் இது. சிறிய கோயிலுக்கும் பெரிய கோயிலுக்கும் ஒரே வகைக் கணக்கு. ஐரோப்பியக் கொத்தர்களும் நெடுங்காலம் இப்படித்தான் கட்டினர். 1638இல் வெளிவந்த தம் இறுதி நூலில் கலிலியோ இந்த எண்ணத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் நான்கு மடங்காக்கினால் அதன் எடை 64 மடங்காகும். எடையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்போ 16 மடங்குதான் ஆகும். ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைப்போல் நான்கு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். விகிதத்தை மாற்றாமல் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஓர் எல்லையில் பொருள் தன் எடையாலேயே உடையும்.

அப்படியானால் விகிதக் கணக்கை நம்பி எழுந்த கற்கோயில்கள் நிற்பது எவ்வாறு? விடை எண்களில் இருக்கிறது. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். கருங்கல்லின் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 2,700 கிலோகிராம். விமானத்தை மேலும் கீழும் ஒரே பருமனுள்ள தூணாகக் கருதினாலும், அதன் அடியில் உண்டாகும் தகைவு ஏறத்தாழ 1.6 மெகாபாஸ்கல்தான். நல்ல கருங்கல் நொறுங்குவதற்கு 100 மெகாபாஸ்கலுக்கு மேல் தேவை. உண்மை விமானம் மேலே செல்லச் செல்லச் சிறுத்து, உள்ளீடற்றும் இருக்கிறது. கல்லின் வலிமையில் மிகச் சிறு பங்கே அங்குப் பயன்படுகிறது. கலிலியோவின் எல்லை இருக்கிறது. ஆனால் அது பல கிலோமீட்டர் உயரத்துக்கு அப்பால் இருக்கிறது.

நொறுங்கும் அச்சம் நீங்கினால் எஞ்சுவது கவிழும் அச்சம். ஒரு கட்டுமானம் கவிழுமா என்பதை அதன் வடிவம் தீர்மானிக்கிறது, அளவு அன்று. உறுதியான நிலத்தில் ஒரு முழ உயரத்தில் நிற்கும் வடிவம், நூறு முழத்திலும் நிற்கும். கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஜாக் ஹேமன், 1966இல் வெளியிட்ட கட்டுரையில், ஐரோப்பியப் பேராலயங்களைப் பற்றி இதையே நிறுவினார்: அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கற்கட்டுமானத்துக்கு விகித விதிகள் சரியானவை. சிற்ப நூல்களுக்கும் அது பொருந்தும். தகைவு என்ற கருத்து இல்லாமலேயே அவற்றின் விதிகள் விமானத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

உத்திரத்தின் கதை வேறு. இரு தூண்களின்மேல் கிடக்கும் கல் சற்றே வளைகிறது. அதன் மேற்புறம் அழுந்துகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் கல், இழுவிசையில் அதைவிடப் பன்மடங்கு வலுக்குன்றியது; எஃகைப்போல் நீண்டுகொடுக்காமல் சட்டென விரிசல் விடும். 3 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட மணற்கல் உத்திரத்தின் அடிப்புறத்தில், அதன் சொந்த எடை மட்டுமே சுமார் 0.5 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவை உண்டாக்கும். எல்லா அளவுகளையும் நான்கு மடங்காக்கினால் அது 2 மெகாபாஸ்கலாகும். மணற்கல் தாங்கும் எல்லை பெரும்பாலும் சில மெகாபாஸ்கல்களே. கூரையின் சுமை இன்னும் சேரவில்லை. இங்கு விகிதக் கணக்கு உதவாது.

கட்டியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தனர் என்பதற்குக் கோயில்களே சான்று. விமானமும் கோபுரமும் நூற்றாண்டுதோறும் உயரம் மாறின. மண்டபம் பெரிதானபோதோ தூண்களின் இடைவெளி கூடவில்லை. தூண்களின் எண்ணிக்கை கூடியது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் நிற்பது அழகுக்காக மட்டும் அன்று. தூணின் தலையில் இருபுறமும் நீளும் போதிகையும் உத்திரத்தின் வெற்று நீளத்தைக் குறைக்கும் உத்தியே. நூல் விகிதத்தைச் சொன்னது. உளி எல்லையைச் சொன்னது.

1678இல் ஹூக் விசைக்கும் நீட்சிக்கும் உள்ள நேர்விகிதத்தை வெளியிட்டார். 1807இல் யங்கின் பெயரால் இன்று வழங்கும் குணகம் விளக்கம் பெற்றது. அதன்பின் உளியின் அறிவு எண்ணாக மாறத் தொடங்கியது. கான்கிரீட்டும் கல்லைப்போல் இழுவிசையில் வலுவற்றதுதான். ஆனால் இழுபடும் பகுதி எது என்று கணக்கிட முடிந்ததால், அங்கே எஃகுக் கம்பியை வைக்க முடிந்தது. வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிவதால் பிணைப்பும் நிலைத்தது. ஆயிரம் ஆண்டுகளாகத் தூண்களைப் பெருக்கச் செய்த தடை அப்போதுதான் அகன்றது. சட்டர்ஜியின் தலைமுறை மரபின் உருவத்தைத் தக்கவைத்துக்கொண்டே அந்தத் தடையிலிருந்து விடுபட்டது.

திரிபு என்ற சொல் தமிழ் இலக்கணத்திலும் இயற்பியல் பாடநூல்களிலும் வழங்குகிறது. புணர்ச்சியில் எழுத்து திரிவதும் சுமையில் திண்மம் திரிவதும் விதிக்கு உட்பட்ட மாற்றங்கள். மரபின் மாற்றத்தையும் அவ்வாறே காண இயலும்: எது மாறாமல் நின்றது, எது மாறியே தீர வேண்டியிருந்தது என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

அதே மந்திர் மார்க்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. பதினோராம் வகுப்பு மத்தியப் பாடநூலில், புவியில் மலைகள் ஏன் சுமார் 10 கிலோமீட்டருக்கு மேல் உயர்வதில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கம். சாலையில் இறங்கி நடந்தால் அதே கணக்கைக் கோயில் சிகரத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். மரபைப் போற்றுவோரும் பழிப்போரும் இதுவரை போடாத கணக்கு அது.